அச்சு தொலைந்த ரப்பர்: பழைய கார்களின் பீடிங் பற்றிய வரலாறு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், இராமக்கல்மேட்டின் கிழக்குச் சரிவை ஒட்டி அமைந்த கோம்பை ரப்பர் மரம் வளரும் ஊர் அன்று. தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடர் தடுத்துவிடுவதால், ஆண்டு முழுவதும் ஈரம் கேட்கும் அம்மரம் கம்பம் பள்ளத்தாக்கில் வேரூன்றவில்லை. ஆனால் அதே மலையின் மேற்குச் சரிவில்தான் இந்திய ரப்பரின் தொடக்கம் இருக்கிறது. 1902-இல் பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் ஜே. ஜே. மர்பியும் அவருடைய கூட்டாளிகளும் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டனர். பின்னர் மர்பி முண்டக்கயத்தை அடுத்த ஏந்தயாறில் தமது தோட்டத்தை அமைத்தார். குமுளி மலைப்பாதை வழியாகக் கோட்டயம் செல்லும் சாலை இன்றும் முண்டக்கயம் வழியாகவே செல்கிறது.

மூலப்பொருள் இவ்வளவு அருகில் கிடைத்தும், பழைய கார் ஒன்றின் கதவு ரப்பர் கிழிந்தால் அதற்கு மாற்று கிடைப்பது அரிதாக இருப்பதற்குக் காரணம், தட்டுப்பாடு ரப்பரில் இல்லாமல் அதன் வடிவத்தில் இருப்பதே ஆகும். பட்டறைகளில் பீடிங் என வழங்கும் இந்த ரப்பர் பட்டை, கதவுக்கும் உடற்கூட்டுக்கும் இடையிலும் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையிலும் அமர்ந்து மழையையும் தூசியையும் தடுக்கிறது. கந்தகமும் கரித்தூளும் கலந்த ரப்பர் மாவை, டை எனப்படும் எஃகு அச்சின் துளை வழியாக அழுத்தி வெளியேற்றி, பின்பு சூட்டில் பதப்படுத்தி இப்பட்டையைச் செய்கின்றனர். சூட்டில் கந்தகம் ரப்பரின் இழைகளைப் பிணைத்து, ஒட்டும் பிசினை மீள்தன்மையுள்ள பொருளாக்கும் இச்செயலை 1839-இல் கண்டறிந்தவர் சார்லஸ் குட்இயர். ஒவ்வொரு கார் வகைக்கும் டை தனியானது என்பதால், கார் நின்றுபோனால் டையும் பழைய இரும்பாகிவிடுகிறது.

கோம்பையிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இந்த இக்கட்டிலிருந்து பெரிதும் தப்பின. மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய ஜீப்பின் வடிவம் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. அதன் முன்கண்ணாடியும் தட்டையானது என்பதால், மீட்டர் கணக்கில் விற்கும் பொதுவான பீடிங்கே அதற்குப் போதுமானது. வளைந்த கண்ணாடியும் தனக்கேயான விளிம்பும் கொண்ட கார்களுக்கு அந்த வசதி இல்லை.

அத்தகைய கார்களில் தமிழகத்துக்கு மிக நெருக்கமானது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத பூட்டும் ஆலைகளை 1953-இல் இந்திய அரசு விலக்க முடிவு செய்ததும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. 1948-இல் நிறுவப்பெற்று வண்டலூரில் ஆலை நடத்திய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிலைத்து நின்று, 1961-இல் ஹெரால்டை வெளியிட்டது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலோட்டி உருவாக்கிய இக்காரின் உடற்கூடு, ஒரே கூடாகப் பற்றவைக்கப்படாமல், தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாகப் போல்ட்டால் இணைக்கப்பட்டது. ஆகவே கதவுகளில் மட்டுமன்றித் தகடுகள் சந்திக்கும் இடங்களிலும் அதற்கு ரப்பர் தேவைப்பட்டது. இதே சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் பிரிட்டனில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் விளையாட்டுக் கார் உருவானது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. ஹெரால்டின் வழிவந்த கெஸலின் உற்பத்தி 1977-இல் முடிவுற்றது.

அக்காலத்து இயற்கை ரப்பர் பீடிங் இன்றுவரை நீடிக்காததற்கு வேதியியல் காரணம் உண்டு. இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் சிறிதளவே இருக்கும் ஓசோன் அறுக்கிறது. பட்டை இழுபட்டிருக்கும் திசைக்குக் குறுக்காக மயிரிழைப் பிளவுகள் தோன்றி ஆழமாகின்றன. வெயிலும் காற்றும் ஓயாத கம்பம் பள்ளத்தாக்கில் கண்ணாடியின் மேல்மூலைகள் முதலில் வெடிப்பதற்கு, வளைவில் பட்டை மிகுதியாக இழுபடுவதே காரணம். 1960களின் தொடக்கத்தில் வணிகத்துக்கு வந்த இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் அத்தகைய பிணைப்புகள் இல்லை. ஆதலால் பழைய பீடிங்கைப் புதிதாக மறுவார்ப்புச் செய்வோர் கதவுக்கும் கண்ணாடிக்கும் அதையே நாடுகின்றனர். பெட்ரோல் பட்டால் அது உப்பிவிடும் என்பதால், எரிபொருள் தொட்டியின் மூடிக்கு நைட்ரைல் ரப்பரே ஏற்றது.

மறுவார்ப்பில் மிகக் கடினமான வேலை அளவெடுப்பதுதான். பல்லாண்டு நசுங்கிக் கிடந்த மாதிரியை அப்படியே நகலெடுத்தால், நசுங்கிய அளவே புதிய பட்டையின் அளவாகிக் கதவு மூடியும் நீர் கசியும். தகட்டின் மடிப்புக்குள் மறைந்து அழுத்தம் படாமல் எஞ்சிய சிறு துண்டே நம்பத்தக்கது. அச்சிலிருந்து வெளிவரும் ரப்பர் உப்புவதால், டையின் துளையை வேண்டிய வடிவத்தைவிடச் சிறிதாக வெட்டி, ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும். இத்தேர்ச்சி வரைபடத்தில் அடங்குவதில்லை. பொருத்தும்போது, கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் நைலான் கயிற்றைச் செருகி, சோப்பு நீர் தடவிக் காரின் மேல் வைத்து, உள்ளிருந்து ஒருவர் கயிற்றை இழுக்க வெளியிலிருந்து மற்றவர் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டித்தர, ரப்பரின் உதடு தகட்டு விளிம்பைச் சிறிது சிறிதாகக் கவ்வுகிறது. இருவரின் கையும் ஒத்துப்போகாவிட்டால் புதிய உதடு கிழிந்துவிடும்.

ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1985-இல் மீண்டும் கார் தயாரித்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 உடற்கூட்டில் அமைந்த ஸ்டாண்டர்ட் 2000 என்னும் அக்காரும் 1988-இல் நின்றது. விற்காமல் கிடந்த உதிரிப் பாகங்களைப் பின்னாளில் பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் மொத்தமாக வாங்கிச் சென்றது. ரோவரை இன்னும் ஓட்டுவோர் அங்கு இருந்ததால், சென்னையில் தேங்கிய சரக்குக்கு அங்கே விலை இருந்தது. ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பிரிட்டனில் இன்றும் பீடிங் வார்க்கின்றனர். எனினும் 1960களின் இறுதியில் வண்டலூர் ஆலை வெளியிட்ட நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவுக்கே உரியது. பிரிட்டனில் அது செய்யப்படவே இல்லை. அதன் பின்கதவு ரப்பரை எந்த வெளிநாட்டுப் பட்டியலிலும் தேடிப் பயனில்லை. எஞ்சிய துண்டு ஒன்றை வைத்து இங்கேயேதான் டை வெட்டியாக வேண்டும்.