அலுவலக மின்னஞ்சல் தாமதமா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

காலை 10.00 மணிக்கு அனுப்பிய விலைப்பட்டியல் பிற்பகல் 2.00 மணிக்குத்தான் போய்ச் சேர்கிறது. நண்பகலோடு டெண்டர் மூடிவிட்டது. முதலாளி கிராணியைக் கடிந்துகொள்கிறார். கிராணி இணையத்தைக் குறை சொல்கிறார். கணினி விற்பவரோ புதிய சர்வர் வாங்கச் சொல்கிறார். பல ஆயிரம் ரிங்கிட் செலவு செய்வதற்கு முன், அஞ்சல் எங்கே நின்றது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கணக்கு அஞ்சலுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது.

ஒருவருக்கா, எல்லாருக்குமா?

அஞ்சல் பெட்டி திறக்க நேரமாவது ஒரு கோளாறு. அஞ்சல் தாமதமாகப் போய்ச் சேர்வது வேறு கோளாறு. பெட்டி திறக்கத்தான் நேரமாகிறது என்றால், கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் அட்டையின் இணையத்தில் அதே பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே விரைவாகத் திறந்தால், குறை பெரும்பாலும் அலுவலக இணைப்பிலோ அந்தக் கணினியிலோதான். எல்லாருக்கும், எல்லா இடத்திலும் மெதுவாக இருந்தால் மட்டுமே சர்வரைச் சந்தேகிக்க வேண்டும்.

அஞ்சலின் பயணக் குறிப்பு

தாமதமாக வந்த அஞ்சலைப் பெற்றவரிடம் கேளுங்கள். கணினியில் ஜிமெயில் என்றால் 'ஷோ ஒரிஜினல்', அவுட்லுக் என்றால் 'புரோபர்ட்டீஸ்' பகுதியில் அதன் முழுத் தலைப்புக் குறிப்பு கிடைக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் 'ரிசீவ்ட்' என்று ஒரு வரியையும் நேரத்தையும் அதில் சேர்க்கிறது. புதிய வரி மேலே சேர்வதால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நேரத்தின் பக்கத்தில் +0000 என்றிருந்தால் 8 மணி நேரம் கூட்டினால் மலேசிய நேரம். அடுத்தடுத்த இரு வரிகளுக்கிடையே 3 மணி நேர இடைவெளி தெரிந்தால், அஞ்சல் காத்திருந்தது அங்கேதான்.

வழக்கமான காரணங்கள்

• வட்டு நிரம்புவது: சர்வரில் இடம் குறைந்தால் பல மென்பொருள்கள் புதிய அஞ்சலை ஏற்க மறுக்கும். பழைய அஞ்சல்களையும் பதிவுக் கோப்புகளையும் வேறு இடத்திற்கு மாற்ற வேண்டும்.

• களவு போன கடவுச்சொல்: ஒரு பணியாளரின் கணக்கைக் கைப்பற்றியவர்கள் அதன்வழி ஆயிரக்கணக்கில் குப்பை அஞ்சல் அனுப்பினால், உங்கள் உண்மையான அஞ்சல் அந்த வரிசைக்குப் பின்னால் நிற்கும். சர்வரை அணைத்துப் போட்டாலும் வரிசை குறையாது. கடவுச்சொல்லை மாற்றி, வரிசையைச் சுத்தம் செய்த பிறகு, நிறுவனத்தின் முகவரி தடைப்பட்டியல்களில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

• பெறுபவரின் சோதனை: அறிமுகமில்லாத சர்வரிலிருந்து வரும் முதல் அஞ்சலைச் சில சர்வர்கள் 'பிறகு வா' என்று திருப்பிவிடும். 4-இல் தொடங்கும் மூன்று இலக்கக் குறியீடு இதைத்தான் சொல்கிறது. உங்கள் சர்வர் சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலும். இது பழுதல்ல.

• கனமான இணைப்பு: அஞ்சலில் சேர்க்கும் கோப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 15 எம்பி படக்கோப்பு 20 எம்பி ஆகிறது. அதை 30 பேருக்கு அனுப்பினால் மற்ற அஞ்சல்கள் காத்திருக்க நேரிடும். கோப்பைக் கூகள் டிரைவ் போன்ற இடத்தில் ஏற்றி, இணைய முகவரியை மட்டும் அனுப்பலாம்.

தொழில்நுட்பரிடம் கொடுக்க வேண்டியவை

'ஸ்லோவாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் அவர் ஊகிக்கத்தான் முடியும். தாமதமான மூன்று அஞ்சல்களின் முழுத் தலைப்புக் குறிப்பு, கோளாறு தொடங்கிய நாள், பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் ஆகியவற்றைக் கொடுங்கள். அஞ்சல் வரிசையின் நீளத்தையும் வட்டில் மீதமுள்ள இடத்தையும் பார்த்துச் சொல்லக் கேளுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் புதிய சர்வருக்குக் கையெழுத்திட வேண்டாம்.

இன்னொன்று: போய்ச் சேராத அஞ்சலை உங்கள் சர்வர் நான்கைந்து நாள்கூட முயன்றுகொண்டிருக்கலாம், 'போகவில்லை' என்ற தகவல் அதன் பிறகுதான் வரும். ஆகவே, டெண்டர், சம்பளப் பட்டியல் போன்றவற்றை முந்தைய நாளே அனுப்பிவிட்டு, கிடைத்ததா என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.