கொலோமாவின் உரல்

சாக்ரமெண்டோவில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். "அப்பா, தங்கம் கிடைத்த இடத்தைப் பார்க்க வேண்டாமா?" என்றாள். தங்கம் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? பேரனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம்.

மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கொலோமா. கலிபோர்னியா மாநில அரசு பாதுகாத்துவரும் பூங்கா அது. பூங்கா என்றதும் ரோஜாப் பாத்திகளை எண்ணிவிடாதீர்கள். ஓக் மரக் காடும், பழைய வீடுகளும், நடுவே அமெரிக்கன் ஆறும்தான் அங்கே. ரப்பர்ப் படகுகளில் இளைஞர்கள் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். பேரன் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு, தொட்டி நீரில் மணல் அரிக்க உட்கார்ந்துவிட்டான்.

ஜான் சட்டர் என்ற நிலப்பிரபுவுக்காக, ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர் இங்கே மரம் அறுக்கும் மில் கட்டிக்கொண்டிருந்தார். 1848 ஜனவரி 24 காலை, மில் வாய்க்காலில் ஏதோ மின்னியது. கல்லில் வைத்துத் தட்டினார். உடையவில்லை, நசுங்கியது. தங்கம்!

ஒன்பதாம் நாள், பிப்ரவரி 2-ல், மெக்ஸிகோ கலிபோர்னியாவை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது, இந்தச் சங்கதி தெரியாமலே. பிறகு உலகமே இங்கே ஓடி வந்தது. வந்தவர்கள் சட்டரின் நிலத்தில் புகுந்து அவரை நொடிக்கச் செய்தார்கள். மார்ஷல் 1885-ல் ஏழையாகவே கண்ணை மூடினார். 1890-ல் அவர் கல்லறையின்மேல் சிலை வைத்தார்கள். அதன் விரல் தங்கம் கிடைத்த இடத்தைச் சுட்டுகிறது. செத்த பிறகு சிலை வைக்கும் வழக்கம் நமக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன்!

திரும்பும்போது ஒரு பாறை என்னை நிறுத்திற்று. அதில் வரிசையாகக் குழிகள். கிராமத்தில் பிறந்தவனுக்கு அது உரல் என்று யாரும் சொல்ல வேண்டுமா? நிஸெனன் என்னும் பழங்குடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஓக் கொட்டைகளை இடித்து மாவாக்கிய உரல் அது.

1848-ல் கலிபோர்னியாவில் சுமார் ஒன்றரை லட்சம் பழங்குடியினர் இருந்தார்கள். 1870-க்குள் சுமார் முப்பதாயிரம் பேரே மிஞ்சினார்கள். நோயும் பசியும் துப்பாக்கியும் மற்றவர்களைக் கொண்டுபோயின. 2019-ல் மாநில ஆளுநர் கவின் நியூசம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். நூற்றெழுபது வருஷம் பிடித்திருக்கிறது அதற்கு.

பேரன் ஓடி வந்தான். "தாத்தா, தங்கம்!" விரல் நுனியில் ஒரு பொடி மினுங்கிற்று. அவன் கையைப் பிடித்து உரல் குழிக்குள் வைத்தேன்.

"இதை யார் பண்ணினா, தாத்தா?"

வீடு வந்து சேரும்வரை அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். தங்கப்பொடியை எங்கே தொலைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.