கெர்னலுக்கு ஏற்ற கம்பைலர்

1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல் 0.01, ஜிசிசி 1.40 கம்பைலரில் உருவானது. அதுவும் அவர் தம் தேவைக்குத் திருத்திக்கொண்ட பிரதி. சி நிரலுக்கு நடுவே அசெம்பிளி வரிகளைச் செருக ஜிசிசி தரும் வசதியைக் கெர்னல் தாராளமாகப் பயன்படுத்தியதால், அந்தக் கம்பைலரோடு அதன் உறவு தொடக்கத்திலேயே இறுகிவிட்டது.

சிக்கல் முளைத்ததும் அந்த வரிகளில்தான். எந்த ரெஜிஸ்டர்களை மாற்றுகிறோம் என்று நிரலாளர் கம்பைலரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். கெர்னல் 2.0இல் சில இடங்களில் அது தவறாக இருந்தது, ஜிசிசி 2.7.2 கண்டுகொள்ளவில்லை. 1997இல் ஜிசிசியிலிருந்து பிரிந்த ஈஜிசிஎஸ் அணியின் கம்பைலர் எழுதியதை எழுதியபடி எடுத்துக்கொண்டதும், ஒளிந்திருந்த பிழைகள் வெளியே வந்தன. பழி கம்பைலர் மேல் விழுந்தாலும் பிழை பெரும்பாலும் மூலநிரலில் இருந்தது.

2000இல் வெளிவந்த ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் வெளியீடு 7.0 இந்த வரலாற்றின் விசித்திரமான கட்டம். அதில் இருந்த 'ஜிசிசி 2.96' என்ற பதிப்பை ஜிசிசி குழு வெளியிடவே இல்லை. வளர்ச்சியில் இருந்த நிரலை எடுத்து ரெட் ஹேட் தானே எண்ணிட்டது. அது தங்கள் வெளியீடு அல்ல என்று ஜிசிசி வழிகாட்டுக் குழு அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. அதில் உருவாகும் சி பிளஸ் பிளஸ் கோப்புகள் முந்தைய 2.95உடனும் பொருந்தாது, வரவிருந்த 3.0உடனும் பொருந்தாது. கெர்னலைத் தொகுக்க ரெட் ஹேட்டே 'கேஜிசிசி' என்ற பெயரில் பழைய ஈஜிசிஎஸ் கம்பைலரைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தது. தன் கம்பைலரைத் தானே நம்பாத கதை! ஆனாலும் 2.96 ஏற்க மறுத்த நிரல்கள் பலவும் உண்மையிலேயே பிழையானவை.

கம்பைலரையே கட்டுவது இன்னொரு சிக்கல். 1999இல் ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' கையேடு, முழு அமைப்பையும் மூலநிரலிலிருந்து கட்டும் வழியைக் காட்டியது. கம்பைலரைக் கட்டவும் ஒரு கம்பைலர் தேவை. ஆகவே கணினியில் ஏற்கெனவே உள்ளதைக் கொண்டு முதலில் ஒரு தற்காலிகக் கம்பைலரைச் செய்து, அதைக்கொண்டு மற்றவற்றைத் தொகுக்கிறார்கள். 2013இல் வந்த ஜிசிசி 4.8 முதல், ஜிசிசியைக் கட்டவே சி பிளஸ் பிளஸ் கம்பைலர் கட்டாயமாயிற்று.

2015இல் ஜிசிசி 5 வந்தபோது தடை வேறு உருவில் வந்தது. கம்பைலரின் முதன்மை எண்ணைப் பெயரில் கொண்ட தலைப்புக் கோப்பைத் தேடுவது கெர்னலின் வழக்கம். பழைய மூலநிரலில் ஐந்தாம் எண்ணுக்குக் கோப்பு இல்லாததால் தொகுப்பு அங்கேயே நின்றது. கெர்னல் 4.2இல் அந்தக் கோப்புகள் ஒன்றாக இணைக்கப்பட்டன.

பின்வந்த பதிப்புகளில் கண்டிப்பு கூடியது. அறிவிக்காத செயற்கூறை அழைப்பதை ஜிசிசி 14 பிழையாகவே கருதுகிறது. 2025இல் வந்த ஜிசிசி 15 இயல்பாகவே சி23 தரத்துக்கு மாறியது. கெர்னலும் தன் கீழ் வரம்பை உயர்த்திக்கொண்டே வருகிறது: 2018இன் 4.19க்கு ஜிசிசி 4.6 போதும், 2021இன் 5.15க்கு 5.1 வேண்டும், 2025இன் 6.16க்கு 8.