எண்ணெய்க் கிடங்குக் கசிவும் தடுப்பும்

கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், பர்னஸ் ஆயில் ஆகியவற்றை இருப்பு வைக்கும் கிடங்குகளிலிருந்து எண்ணெய் வெளியேறாமல் காப்பதும், வெளியேறினால் மண்ணிலும் நீரிலும் பரவுமுன் மறித்து மீட்பதும் எண்ணெய்க் கசிவுத் தடுப்பு எனப்படும். இந்தியாவில் இது நெடுங்காலம் தீத்தடுப்பின் ஒரு கூறாகவே நடத்தப்பட்டது. எரியாத எண்ணெயும் கிணற்றையும் கழிமுகத்தையும் கெடுக்கும் என்ற உணர்வு சட்டத்துக்குள் தாமதமாகத்தான் நுழைந்தது. திருச்சி காட்டூருக்குக் கிழக்கே வாழவந்தான்கோட்டையில் உள்ள முனையம், சென்னை மணலி, நாகப்பட்டினம் பனங்குடி ஆகிய இடங்களின் எண்ணெய்த் தொட்டிகள் தமிழ்நாட்டில் குறிப்பிடத்தக்கவை.

வரலாறு

டின்னிலிருந்து தொட்டிக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய் இந்தியாவுக்கு நான்கு காலன் தகர டின்களில், மரப்பெட்டிக்கு இரண்டு டின் வீதம் வந்திறங்கியது. கப்பலில் ஒரு டின் நசுங்கினால் நட்டம் அந்த டின்னோடு முடிந்தது. காலி டின் தண்ணீர் சேந்தவும் கூரை வேயவும் பயன்பட்டதால் அதற்கும் விலை இருந்தது. 1892இல் மார்க்கஸ் சாமுவேலின் 'மியூரெக்ஸ்' கப்பல் எண்ணெயை மொத்தமாக நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்தது. அதன்பின் கீழைத் துறைமுகங்களில் பெரிய இரும்புத் தொட்டிகள் எழும்பின. போக்குவரத்துச் செலவு குறைந்தது; ஆனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் நிற்கும் நிலையும் வந்தது. இன்றைய கசிவுப் பிரச்சினையின் தொடக்கம் இதுவே.

அரசு இதை வெடிமருந்துக்கு நிகரான ஆபத்தாகக் கண்டது. 1898இல் வெடிபொருள் துறை நிறுவப்பட்டது. மறு ஆண்டே இந்தியப் பெட்ரோலியச் சட்டம் இயற்றப்பட்டது. அத்துறையே இன்று நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பாக உள்ளது.

எம்டன் தாக்குதல்

தமிழ்நாட்டில் எண்ணெய்த் தொட்டி பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது 1914 செப்டம்பர் 22 இரவில். கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், விளக்குகள் அணைக்கப்படாத சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. மூன்று லட்சம் காலனுக்கு மேற்பட்ட எண்ணெய் அழிந்தது. துறைமுகத்தில் நின்றிருந்த வணிகக் கப்பலில் இருந்தோர் உட்படச் சிலர் மாண்டனர். அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியூர்களுக்குக் கிளம்பினர். எம்டன் அதே ஆண்டு நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியால் அழிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் பதித்த கல்வெட்டு குண்டு விழுந்த இடத்தைக் காட்டுகிறது.

எரிந்த எண்ணெயைப் பற்றி மட்டுமே எழுதப்பட்டது. எரியாமல் தரையிலும் கடலோர மணலிலும் ஊறியதை அக்காலத்தில் எவரும் இழப்பாகக் கணக்கிடவில்லை.

திருகோணமலைத் தொட்டிகள்

பிரிட்டிஷ் கடற்படை 1920களிலும் 1930களிலும் திருகோணமலைச் சீனன்குடாவில் சுமார் நூறு தொட்டிகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலிட்டர் கொள்ளும். குண்டுவீச்சில் ஒன்று பற்றினால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காகக் காட்டுக்குள் இடைவெளி விட்டு அமைத்தனர். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் தாக்கியபோது ஒரு விமானம் 91ஆம் தொட்டியில் மோதி, அது ஏழு நாள் எரிந்ததாகச் சொல்லப்படுகிறது. உருகிச் சரிந்த அதன் தகடுகள் இன்னும் அங்கேயே உள்ளன. அண்டைத் தொட்டிகள் தப்பின. ஒரு தொட்டியின் விபத்தை அந்தத் தொட்டியோடு நிறுத்துவது என்ற கொள்கைக்கு இது நல்ல சான்று. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 தொட்டிகள் இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசியிடமும், 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டின் கூட்டு நிறுவனத்திடமும் உள்ளன.

வகைப்பாடு

1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டமும் அதன்கீழ் வந்த 2002ஆம் ஆண்டு விதிகளும் எண்ணெயை அதன் தீப்பற்று வெப்பநிலையால் பிரிக்கின்றன. எண்ணெயிலிருந்து எழும் ஆவி ஒரு சிறு சுடர்பட்டால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை இது.

'ஏ' வகுப்பு: 23 பாகை செல்சியசுக்குக் கீழ். பெட்ரோலும் பெரும்பாலான கச்சா எண்ணெய்களும் இதில் அடங்கும்.

'பி' வகுப்பு: 23 முதல் 65 பாகைக்குக் கீழ்வரை. மண்ணெண்ணெயும் டீசலும் இதில் சேரும்.

'சி' வகுப்பு: 65 முதல் 93 பாகைக்குக் கீழ்வரை. பர்னஸ் ஆயில் இவ்வகை.

தொட்டியின் வடிவமும் இதையொட்டியே அமைகிறது. 'ஏ' வகுப்புக்குப் பெரும்பாலும் மிதவைக் கூரைத் தொட்டி; கூரை எண்ணெயின் மேல் மிதந்து ஏறி இறங்குவதால் இடையில் ஆவி சேராது. டீசல், பர்னஸ் ஆயில் ஆகியவற்றுக்குக் கூம்புக் கூரைத் தொட்டி போதும். தொட்டிகளுக்கிடையே, மதிலுக்கும் தொட்டிக்கும் இடையே விட வேண்டிய தூரங்களும் வகுப்புக்கேற்ப மாறும்.

இந்த வரிசை தீக்கு மட்டுமே பொருந்தும். கொட்டினால் நேரும் கேட்டை வைத்துப் பார்த்தால் வரிசை கிட்டத்தட்டத் தலைகீழாகும். தரைமேல் கொட்டிய பெட்ரோலின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் ஆவியாகும். சட்டத்தின் கண்ணில் சாதுவான பர்னஸ் ஆயிலோ அலையாத்தி வேரிலும் பறவைச் சிறகிலும் வலைக்கண்ணிலும் மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும். தமிழர் வாழும் பகுதிகளில் அண்மையில் நேர்ந்த பெருங்கேடுகள் இந்தக் கனத்த எண்ணெய்களாலேயே விளைந்தன.

காரணங்கள்

மிகை நிரப்பல்: இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு கிடங்கில் 2005 டிசம்பர் 11 விடியலில் ஒரு பெட்ரோல் தொட்டியின் அளவுமானி ஓரிடத்தில் நின்றுவிட்டது. உயர்மட்டத்தில் தானே நிறுத்த வேண்டிய சுவிட்சும் வேலை செய்யவில்லை. குழாய்வழி வந்த பெட்ரோல் தொட்டியின் உச்சியிலிருந்து வழிந்து ஆவிமேகமாகி வெடித்தது. தீயணைக்கப் பயன்பட்ட நுரையின் வேதிப்பொருளும் நிலத்தடி நீருக்குள் இறங்கியது.

வால்வுப் பிழை: ஜெய்ப்பூர் சீதாபுராவில் 2009 அக்டோபர் 29 மாலை, இந்தியன் ஆயில் முனையத்திலிருந்து அண்டை முனையத்துக்குப் பெட்ரோல் அனுப்ப ஆயத்தம் செய்தபோது வால்வுகள் முறைமாறித் திறக்கப்பட்டன. ஒரு மணி நேரத்துக்கு மேல் பெட்ரோல் பீறிட்டுப் பின் வெடித்தது. 11 பேர் இறந்தனர். தீ 11 நாள் எரிந்து தானே அடங்கியது. எம்.பி. லால் தலைமையிலான குழு, தொலைவிலிருந்து மூடத்தக்க வால்வுகளையும் ஆவி உணர்கருவிகளையும் பரிந்துரைத்தது.

தொட்டி உடைதல்: அமெரிக்காவின் ஃபுளோரஃப் ஊரில் 1988 ஜனவரி 2இல், பழைய தகடுகளைக் கொண்டு மறுபடி கட்டிய தொட்டி முதன்முறை நிரப்பப்பட்டபோது கிழிந்தது. முழுதாக நீர் நிரப்பிச் சோதிக்காமலே அதைப் பயன்பாட்டுக்கு விட்டிருந்தனர். சுமார் 10 லட்சம் காலன் டீசல் மொனாங்ககேலா ஆற்றில் கலந்தது. 1973லேயே வகுத்த அந்நாட்டுக் கசிவுத் தடுப்பு விதிகள் இதன்பின் கடுமையாக்கப்பட்டன.

அடித்தகடு அரிப்பு: கண்ணில் படாத காரணம் இது. தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீர் உள்ளிருந்தும், மண் ஈரம் வெளியிலிருந்தும் தகட்டைத் தின்கின்றன. நாளொன்றுக்குச் சில வாளி ஒழுகினால் இருப்புக் கணக்கில் தெரியாது. அண்டை வீட்டுக் கிணற்றில்தான் தெரியும்.

தடுப்பு முறைகள்

எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் 1986இல் அமைந்தது. அதன் நெறிகளின்படி தொட்டிக் கூட்டத்தைச் சுற்றி 'டைக்' எனப்படும் தடுப்புச் சுவர் வேண்டும். உள்ளிருக்கும் மிகப்பெரிய தொட்டி முழுவதும் கொட்டினாலும் அதற்குள் அடங்க வேண்டும். சுவர் குறைந்தது 1 மீட்டர், கூடினால் 2 மீட்டர் உயரம். உள்தரை எண்ணெய் இறங்காதபடி இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை சுவருக்கு வெளியே உள்ள வடிகால் வால்வு. மழை பெய்தால் டைக் குளமாகும்; நீரை வடிக்காவிட்டால் எண்ணெய்க்கு இடமிராது. எனவே பணியாளர் வால்வைத் திறந்து, வெளிவரும் நீரில் வண்ணப்படலம் தெரிகிறதா என்று பார்த்தபடி நின்று, கடைசியில் மூட வேண்டும். திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் சுவர் இருந்தும் இல்லாததற்குச் சமம். வடியும் நீர் நேரே ஓடைக்குப் போகாமல் எண்ணெய்-நீர் பிரிப்புத் தொட்டி வழியே செல்ல வேண்டும். அங்கே எண்ணெய் மேலே மிதக்க, அடியிலுள்ள நீர் மட்டும் வெளியேறும்.

மின்னணு அளவுமானி வந்தபின்பும் 'டிப்' பார்க்கும் வழக்கம் மாறவில்லை. நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய நாடாவைத் தொட்டியின் மேல்துளை வழியே இறக்கி, எண்ணெய் நனைத்த கோட்டைப் படிப்பார்கள். நுனியில் தடவிய பசை எதுவரை நிறம் மாறியதோ அதுவரை அடியில் தண்ணீர். வரவு, செலவு, டிப் மூன்றும் பொருந்தாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கசிவையே.

கசிவு நேர்ந்தபின்

முதல் வேலை எண்ணெயின் ஊற்றை அடைப்பது. உடனே வடிகாலை மூடுவது. பெட்ரோலாக இருந்தால் மின்சுவிட்சைத் தொடக்கூடாது, லாரி எஞ்சினைக் கிளப்பக்கூடாது. ஆவி எழாதபடி நுரையால் மூட வேண்டும். ஓடையை எட்டிவிட்டால் மிதவைத் தடுப்பான்களை இட்டு, ஸ்கிம்மர் கொண்டு படலத்தை உறிஞ்சுவர். ஆழமற்ற கழிமுகத்தில் சிதறடிக்கும் ரசாயனம் தெளிப்பது எண்ணெயைச் சேற்றுக்கும் மீன்குஞ்சுக்கும் கொண்டுசேர்க்கும், ஆகவே தவிர்க்கத்தக்கது. எண்ணெய் ஊறிய மண்ணை அகழ்ந்து, எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களால் பண்படுத்துவது கடைசிக் கட்டம். கடலில் கலந்தால் 1996ஆம் ஆண்டு தேசியத் திட்டப்படி கடலோரக் காவல்படை பொறுப்பேற்கும். 700 டன் வரையான கசிவு முதல் நிலை எனப்படும்.

தமிழர் பகுதிகளில் நேர்ந்தவை

சுன்னாகம்: யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை, குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர்தான். சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. மக்கள் போராட்டத்தையடுத்து 2015இல் நீதிமன்ற ஆணையால் அங்கே தனியார் மின்னுற்பத்தி நின்றது. சுண்ணாம்புக்கல்லின் பொந்துகள் வழியே நீர் விரைந்தோடுவதால், ஒரு வளாகத்தில் இறங்கிய எண்ணெய் பல கிணறுகளை எட்டியது. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் அங்கே மின்னுற்பத்தி செய்த நொதேர்ன் பவர் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டோருக்கு 20 மில்லியன் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

எண்ணூர்: 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகம் மூழ்கியது. வெள்ளம் அங்கிருந்த எண்ணெயை அடித்துக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் சேர்த்தது. மீனவர்கள் படகிலிருந்து குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினர். 2017இல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிய கசிவின்போதும் வாளிதான் கருவி. கூழைக்கடாக்கள் எண்ணெய் தோய்ந்து காணப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே வழக்கெடுத்தது. 9,001 குடும்பங்களுக்கும் 787 படகுகளுக்குமாக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. டைக் கணக்கு தொட்டியிலுள்ள எண்ணெயை வைத்துப் போடப்படுவது. வளாகத்துக்குள் புகும் வெள்ளத்துக்கு அதில் இடமில்லை என்பதை எண்ணூர் காட்டியது.

திருச்சி வட்டாரம்

சென்னை–திருச்சி–மதுரை எண்ணெய்க் குழாய் 2005இல் இயங்கத் தொடங்கியது. இந்தியன் ஆயிலின் வாழவந்தான்கோட்டை முனையம் இக்குழாயில் அமைந்து, சுற்று மாவட்டங்களின் பெட்ரோல் பங்குகளுக்கு டேங்கர் லாரிகளில் எரிபொருள் அனுப்புகிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து திருச்சி நகரைக் கடக்கும் சோழர் கால உய்யக்கொண்டான் வாய்க்கால் வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிவதால், இப்பகுதியின் வடிகால்கள் பாசனத்தோடு தொடர்புடையவை. இத்தகைய முனையங்கள் அனைத்தும் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் 2010ஆம் ஆண்டு விதிகளின்படி அவசரகாலத் திட்டம் வகுத்து, ஒத்திகை நடத்தக் கடமைப்பட்டவை.