எலுமிச்சையை எடுத்துவிட்டால்

பள்ளி அறிவியல் கண்காட்சியில் எலுமிச்சை பேட்டரிக்கு எப்போதும் ஒரு மேஜை உண்டு. துத்தநாகம் பூசிய ஆணி ஒரு பக்கம், செம்புக் கம்பி மறுபக்கம். நாலைந்து பழங்களைத் தொடராக இணைத்தால் எல்.இ.டி. மங்கலாக எரியும். மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எலுமிச்சையிலிருந்து’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே! இத்தாலியின் பொலோனியாவில் லூய்ஜி கால்வானி சொன்னதும் ஏறக்குறைய இதே பதில்தான். பித்தளைக் கொக்கியில் மாட்டிய தவளைக் கால் இரும்பில் பட்டதும் துடித்தது. மின்சாரம் விலங்கின் உடலுக்குள்ளேயே இருக்கிறது என்று 1791-இல் எழுதினார். பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா முதலில் இதை ஏற்றார், பிறகு சந்தேகப்பட்டார். வேலை செய்வது இரண்டு வேறு உலோகங்கள், தவளை வெறும் ஈரப் பொருள் என்பது அவர் வாதம். அதை நிரூபிக்க தவளையையே எடுத்துவிட்டார். வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்பு நீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கி, 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். வகுப்பறைக்கு வர வேண்டியது அந்த அடுக்குதான். எலுமிச்சை, கால்வானியின் தவளையைத் திரும்பக் கொண்டுவருகிறது.

இது மாணவர் கைக்கு எட்டும் சோதனை என்பதற்கு நல்ல சாட்சி மைக்கேல் ஃபாரடே. 1812 ஜூலையில் அவர் லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகிய இளைஞர். அரைப்பென்னி செம்பு நாணயங்கள் ஏழு, அதே அளவில் தானே வெட்டிய துத்தநாக வில்லைகள் ஏழு, உப்பு நீரில் நனைத்த தாள்கள் ஆறு. இவ்வளவையும் வைத்து எப்சம் உப்பைச் சிதைத்துவிட்டதாக நண்பர் பெஞ்சமின் அபட்டுக்குத் துள்ளிக் குதிக்காத குறையாக எழுதினார். உலோக ஜோடி ஏழு, தாள் ஏன் ஆறு? தாள் இருக்கும் இடத்தில்தான் மின்கலம். இரு முனைகளிலும் மிஞ்சும் உலோகம் வெறும் இணைப்பு. ஒவ்வொரு அடுக்காக ஏற்றி மல்டிமீட்டரில் பார்க்கும் மாணவர் இதைத் தானே கண்டுபிடிப்பார். தாளைச் சொட்டச் சொட்ட நனைத்தால் உப்பு நீர் பக்கவாட்டில் வழிந்து அடுக்குகளை இணைத்துவிடும், மின்னழுத்தம் சரியும். பழத்தில் இந்தத் தவறைச் செய்யவே வாய்ப்பில்லை. அது பழத்தின் குறை என்றே நினைக்கிறேன்.

கால்வானியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடலாமா என்று கேட்கலாம். தள்ள முடியாது, நரம்பிலும் தசையிலும் மின்சாரம் உண்டு என்பது பின்னால் உறுதியானது. வோல்ட்டாவும் முழுக்கச் சரியில்லை. உலோகங்கள் தொட்டுக்கொள்வதே போதும், வேதிவினை பக்க விளைவு என்று அவர் நம்பினார். ஆனால் அடுக்கைப் பிரித்துப் பார்த்தால் துத்தநாகத்தின் பளபளப்பு போய், மேற்பரப்பு அரித்திருக்கும். ஆற்றல் அங்கே செலவாகியிருக்கிறது. எலுமிச்சையிலும் இதுவே நடக்கிறது: அமிலம் வினைக்குத் துணைநிற்கிறது, கரைந்துபோவது ஆணியின் துத்தநாகம். ஆணியை உருவி யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். செலவு பற்றிய ஆட்சேபமும் நிற்காது. நம் ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு என்பதால் ஃபாரடேயின் நாணய வழி நமக்கு இல்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய வாஷர், செம்புத் தகட்டுத் துண்டு, பழைய நோட்டு அட்டை, சமையல் உப்பு போதும். வாஷரின் பூச்சு மெல்லியது, சீக்கிரமே தீர்ந்து உள்ளிருக்கும் இரும்பு வெளியே தெரியும். ஆசிரியர் அதை மறைக்காமல் அன்றைய பாடத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.