பப் க்ராலும் பினாங்குத் தாத்தாவும்

"அங்க கள்ளுக்கட பக்கம் மட்டும் போவாத கண்ணு."

ஆறு மாசம் சிங்கப்பூர்ல ஆன்சைட்னு சொன்னதும் எங்க ஆயா கொடுத்த ஒரே புத்திமதி இதுதான். குளிரும், சாப்பாடு ஒத்துக்காது, வேளாவேளைக்குத் தூங்கு... எதுவும் இல்ல. நேரா கள்ளுக்கடை. எனக்குச் சிரிப்பு தாங்கல. சிங்கப்பூர்ல இருந்த கள்ளுக்கடைகளை எல்லாம் 1979-லேயே மூடிட்டாங்கன்றது அப்போ எனக்கும் தெரியாது, ஆயாவுக்கும் தெரியாது.

ஆயா அப்படிச் சொன்னதுக்குக் காரணம் பினாங்குத் தாத்தா. என் கொள்ளுத்தாத்தாவோட தம்பி. செங்கம் பக்கத்துல ஒரு கிராமத்துலேர்ந்து விபவ வருஷம் கப்பல் ஏறினவர். கணக்குப் போட்டா 1928-29 வருது. ரெண்டு மூணு வருஷம் பணம் வந்துதாம். அப்புறம் கடுதாசி மட்டும். அப்புறம் அதுவும் இல்ல. "குடிச்சே அழிஞ்சான்"னு ஒரே வரியில குடும்பம் அவர் கதையை முடிச்சிடுச்சு. ஆயா அவரைப் பார்த்ததுகூட இல்ல, மாமியார் சொல்லிக் கேட்டதுதான். ஆனாலும் எங்க வீட்ல எவனாவது லேட்டா வந்தா இன்னிக்கும் "பினாங்குக்காரன் மாதிரி ஆவப் போறியா?"தான்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

போன ரெண்டாவது மாசம், பெரிய ரிலீஸ் ஒண்ணு நல்லபடியா முடிஞ்ச சந்தோஷத்துல எங்க டீமுக்கு மட்டும்னு தனியா ஒரு 'பப் க்ரால்' புக் பண்ணிட்டாங்க. தெரியாதவங்களுக்கு: ஒரே கடையில உக்காந்து குடிக்காம, கூட்டமா ஒவ்வொரு கடையா ஏறி இறங்கறது. கூடவே ஒரு வழிகாட்டி. கடைக்கும் கடைக்கும் நடுவுல நடக்கும்போது அந்தத் தெருவோட வரலாறு சொல்லுவார். கூட்டமா நடந்து, அங்கங்க நின்னு, அடுத்த இடத்துக்குப் போறதுன்னா எங்க ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சது கிரிவலம்தான். பதினாலு கிலோமீட்டர், எட்டு லிங்கம். இங்க ரெண்டு கிலோமீட்டர், நாலு பப். (அருணாசலேஸ்வரா, மன்னிச்சுக்கோ!)

ஆன் சியாங் ஹில்லில் ஆரம்பிச்சோம். பக்கத்துல கிளப் ஸ்ட்ரீட். பணக்காரச் சீன வியாபாரிகளோட சங்கங்களும் கிளப்புகளும் இருந்த தெரு. அங்கேர்ந்து போட் கீ. இன்னிக்கு வரிசையா பப் இருக்கற அந்த ஆற்றங்கரையில ஒரு காலத்துல கிடங்குகள். படகுலேர்ந்து கூலிகள் மூட்டை சுமந்து ஏத்துவாங்க. 1977-லேர்ந்து 1987 வரைக்கும் பத்து வருஷம் ஆற்றைச் சுத்தம் பண்ணினாங்க, படகுகளை வேற இடத்துக்கு அனுப்பினாங்க, பழைய கட்டடங்களை அப்படியே வச்சு உள்ள பாரைத் திறந்தாங்க. ராஃபிள்ஸ் ஹோட்டல்ல 1915 வாக்குல 'சிங்கப்பூர் ஸ்லிங்' பிறந்த கதையும் வந்துது. வழிகாட்டி நல்ல பேச்சுக்காரர், குறை சொல்ல முடியாது.

மூணாவது கடைக்குப் போற வழியில ஒரு தெருப் பலகையைப் பார்த்துட்டு நின்னுட்டேன். சூலியா ஸ்ட்ரீட். சூலியான்னா நம்ம சோழமண்டலக் கரையிலேர்ந்து போன தமிழ் முஸ்லிம்கள். அதுக்கு முன்னாடி அந்தத் தெருவுக்குப் பேர் 'கிளிங் ஸ்ட்ரீட்'. கிளிங்ன்றது இந்தியர்களைக் கேவலமா கூப்பிடற வார்த்தை ஆயிட்டதால 1920களில் பேரை மாத்தினாங்க. ஆற்றில் ஆரம்ப காலத்துப் படகோட்டிகளில் நிறைய பேர் இந்தச் சூலியாக்கள்தான். பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியார்களோட கிட்டங்கிகள், வட்டிக்கடைகள். அதாவது நாங்க பியர் குடிச்சிட்டு நடந்த பாதை முழுக்க தமிழன் கால் பட்ட இடம்.

"அப்போ தமிழ்க் கூலிகள் எங்க போய்க் குடிச்சாங்க?"ன்னு வழிகாட்டிகிட்ட கேட்டேன்.

"நல்ல கேள்வி"ன்னு சிரிச்சிட்டு அடுத்த கடைக் கதவைத் திறந்து விட்டார் :-)

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அடுத்த பல வார இறுதிகளை நூலகத்துல கழிச்சேன். படிச்சதைத்தான் எழுதறேன்.

முதல்ல, எங்க ஊர்க்காரங்க அங்க எப்படிப் போனாங்க? மலேயாவுல ரப்பர் போட ஆரம்பிச்சதும் ஆள் தேவைப்பட்டுது. ஒப்பந்தக் கூலி முறையை 1910-ல் நிறுத்தினதுக்கு அப்புறம் கங்காணி முறைதான் பெரிசா நடந்துது. தோட்டத்துல வேலை செய்யற ஒருத்தரையே கங்காணியா அவர் சொந்த ஊருக்கு அனுப்புவாங்க. அவர் சொந்தம், பந்தம், தெருக்காரன்னு ஆள் கட்டிக்கிட்டு வருவார். கப்பல் செலவுக்கு 1907-ல் ஆரம்பிச்ச ஒரு நிதி இருந்துது, தோட்ட முதலாளிகள் அதுக்குப் பணம் கட்டணும். திருச்சி, தஞ்சாவூர், சேலம், தென்னார்க்காடு, வடார்க்காடு... இந்த ஜில்லாக்கள்லேர்ந்துதான் கூட்டம் கூட்டமா போனாங்க. திருவண்ணாமலை அப்போ வடார்க்காடு ஜில்லா (தனி மாவட்டம் ஆனது 1989-ல் தான்). ஆவடியிலயும் நாகப்பட்டினத்துலயும் முகாம், அங்கேர்ந்து பினாங்கு. ஊர்ல இருந்தவங்களுக்கு மலேயா முழுக்கவே 'பினாங்கு'தான்.

போன இடத்துல 1920களின் கடைசியில ஆம்பளைக்கு நாள் கூலி 50 காசு, பொம்பளைக்கு 40 காசு. வெள்ளியில. லயத்துல ஒரு அறை. விடியறதுக்கு முன்னாடி பெரட்டு, அப்புறம் பால்மரம் சீவறது. பல தோட்டங்கள்ல மளிகைக் கடை கங்காணி கையில. சாயந்திரமானா தோட்டத்துக்குள்ளேயே ஒரு கள்ளுக்கடை.

இந்த 'தோட்டத்துக்குள்ளேயே'ங்கறதைத்தான் நான் கவனிக்கச் சொல்றேன். அது எவனோ ஓரமா குடிசை போட்டு வித்த கள் இல்ல. அரசாங்க லைசென்ஸோட தோட்ட நிர்வாகமே நடத்தின கடை. சிங்கப்பூர் மாதிரி நகரங்கள்ல அரசாங்கமே கள்ளுக்கடை நடத்திச்சு. தோட்டக் கடைகளில் வர்ற லாபம் ஒரு நிதிக்குப் போகும், அதுலேர்ந்து தொழிலாளர் நலனுக்குச் செலவு பண்ணுவாங்க. கோவில், விளையாட்டு மைதானம்னு. அதாவது நீ குடி, அந்தக் காசுல உனக்கே நல்லது பண்றோம். (எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? 2003 நவம்பர்லேர்ந்து தமிழ்நாட்டுல சில்லறை மது வியாபாரம் மொத்தமும் டாஸ்மாக் கையில. நான் ஒண்ணும் சொல்லல.)

தொரைமார்கள் சொன்ன நியாயம், கள்ளை நிறுத்தினா கூலிகள் சம்சு குடிக்கப் போயிடுவாங்க, கள் அதைவிட உடம்புக்கு மேல்னு. சம்சு நிஜமாவே மோசமான சரக்குதான். ஆனா கொடுத்த கூலியில ஒரு பங்கு அதே தோட்டத்துக்குள்ள திரும்பி வர்றதும், கடனும் களைப்பும் உள்ளவன் தோட்டத்தை விட்டு நகர மாட்டான்றதும் அந்தக் கணக்குல சேர்த்திதானே.

அதே நேரத்துல இங்க ஊர்ல என்ன நடந்துதுன்னு பாருங்க. 1921-லேயே ஈரோட்டுல பெரியார் கள்ளுக்கடை மறியல் நடத்தினார், தன் தோப்புத் தென்னை மரங்களையே வெட்டினார். மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்கு வந்தாங்க. 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனதும் அக்டோபர் 1-லேர்ந்து சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு. அடுத்த வருஷம் சித்தூர், கடப்பா. 1939-ல் எங்க வடார்க்காடு. போன வருமானத்தை ஈடுகட்ட அதே 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்துது. இன்னிக்கு பில்லுல ஜிஎஸ்டி பார்த்துப் பொருமறோமே, நம்ம ஊர்ல அதுக்குத் தாத்தா இந்த மதுவிலக்குதான்! நடுவுல உலகப் போர் சமயத்துல நிறுத்தி வச்சாங்க. 1948 அக்டோபர் 2-லேர்ந்து மாகாணம் முழுக்க அமல்.

ஆக 1939-ல் ரெண்டு இடத்துலயும் மேல இருந்தது ஒரே பிரிட்டிஷ் ராஜ்ஜியம். திருவண்ணாமலையில கடையை மூடினாங்க. திருவண்ணாமலைக்காரன் வேலை செஞ்ச ரப்பர் தோட்டத்துல கடை திறந்தே இருந்துது. செங்கத்துல இருந்த அண்ணனுக்குச் சட்டம் துணைக்கு வந்துது, தம்பிக்கு லயத்துக்குப் பக்கத்துலேயே கடை இருந்துது. கடைசியில அண்ணன் யோக்கியன், தம்பி குடிகாரன்.

அவங்க சும்மா குடிச்சிட்டு விழுந்து கிடந்தாங்கன்னு நினைச்சா அதுவும் தப்பு. 1941-ல் சிலாங்கூர்ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல பெரிய வேலைநிறுத்தம் நடந்துது. முன்னின்னது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், அதுக்குத் தலைவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில வேலை செஞ்ச ஆர்.எச். நாதன். கோரிக்கைப் பட்டியலைப் படிச்சப்ப ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். சீனத் தொழிலாளிக்குக் குடுக்கற கூலியை எங்களுக்கும் குடு. எங்க பொம்பளைங்க மேல கை வைக்காத. பிள்ளைங்களுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம். தொரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்கணும்ங்கறதை நிறுத்து. அதோட, தோட்டத்துல இருக்கற கள்ளுக்கடையை மூடு.

குடிக்கறவங்களே கடையை மூடுன்னு கேட்டாங்க. சைக்கிள்ல இறங்காம போற உரிமைக்குப் பக்கத்துலயே அதையும் வச்சுக் கேட்டாங்க. பதிலுக்கு நாதனைக் கைது பண்ணி இந்தியாவுக்கு நாடு கடத்தினாங்க, மே மாசம் அவசரநிலை போட்டு ராணுவத்தை இறக்கினாங்க. சுட்டதுல தொழிலாளிகள் செத்தாங்க.

போர் முடிஞ்சதும் கெடாவுல தொண்டர் படை. நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல இருந்து வந்தவங்களும் அதுல இருந்தாங்க. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமை. முக்கிய வேலையே கள்ளுக்கடை மறியலும், குடிக்கறவங்களைத் திருத்தறதும். 1947 தொடக்கத்துல பீடோங்ல கூடின கூட்டத்தைப் போலீஸ் அடிச்சுக் கலைச்சதுல ஒரு தொழிலாளி இறந்தார். சாமியையும் கைது பண்ணினாங்க. கள்ளு வேணாம்னு சொன்னதுக்குச் செத்த மனுஷங்க நம்ம ஆளுங்க. எந்தப் பள்ளிப் பாடத்துலயும் நான் இதைப் படிச்சதில்ல.

நான் கள்ளை நல்லதுன்னோ கெட்டதுன்னோ தீர்ப்பு சொல்ல வரல. தமிழ்நாட்டுல 1987-லேர்ந்து கள்ளுக்குத் தடை, பாட்டில் சரக்குக்கு அரசாங்கக் கடை. அந்தப் பஞ்சாயத்துக்கு இன்னொரு பதிவு வேணும். குடிச்சிட்டு வந்து வீட்ல அடிச்சவங்க அந்த லயங்கள்லயும் இருந்திருப்பாங்க. அதுக்கு வக்காலத்து வாங்க முடியாது.

எனக்கு உறைச்சது வேற. பப் க்ரால்ல என்ன விசேஷம்? பிடிக்கலன்னா அடுத்த கடை. போரடிச்சா ரூமுக்கு. பினாங்குத் தாத்தாவுக்கு இருந்தது ஒரே கடை, அதுவும் அவர் முதலாளியோடது. 1930-லேர்ந்து ரப்பர் விலை சரிஞ்சப்ப கூலியைக் குறைச்சாங்க, லட்சத்துக்கும் மேல தமிழர்களைக் கப்பல் ஏத்தித் திருப்பி அனுப்பினாங்க. எங்க வீட்டுக்குப் பணம் வர்றது நின்னதும் ஏறக்குறைய அந்த வருஷங்கள்லதான். அவர் குடிச்சதால பணம் நின்னுதா, கூலி நின்னதால பணம் நின்னுதா? எங்க வீட்ல யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்ல.

இது பழங்கதைன்னு தள்ளிடவும் முடியல. 2013 டிசம்பர்ல சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல ஒரு தமிழ்க் கட்டடத் தொழிலாளி பஸ்ஸுல அடிபட்டு இறந்ததும் கலவரம் வெடிச்சுது, ஞாபகம் இருக்கும். 2015-ல் வந்த சட்டப்படி ராத்திரி பத்தரைக்கு மேல பொது இடத்துல குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவுல வார இறுதின்னா இன்னும் கெடுபிடி. ஆனா லைசென்ஸ் உள்ள பப்புக்குள்ள உக்காந்து குடிக்கலாம். அன்னிக்கு போட் கீயில நான் குடிச்ச ஒரு பைன்ட் பதினெட்டு வெள்ளி. அங்க கட்டட வேலை செய்யற நம்ம ஊர்ப் பசங்க பல பேருக்கு அடிப்படைச் சம்பளம் நாளைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான் குடிச்சா 'டீம் அவுட்டிங்', அவன் திடல்ல உக்காந்து குடிச்சா குத்தம்.

ஊருக்குத் திரும்பினதும் ஆயாகிட்ட இதையெல்லாம் என் பாஷையில சொன்னேன். தோட்டத்துக்குள்ளேயே தொரை கடை வச்சிருந்தான்னதும் வெத்தலை இடிக்கறதை நிறுத்திட்டாங்க.

"கூலி குடுக்கறவனே சாராயக் கடையும் வச்சிருந்தானா?"

"கள்ளு, ஆயா."

"எதுவோ ஒண்ணு." கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அந்தாளு பேரு உனக்குத் தெரியுமா?"ன்னாங்க.

தெரியாது. அத்தனை வருஷமா எங்க எல்லாருக்கும் அவர் பினாங்குத் தாத்தா, பினாங்குக்காரன், அவ்வளவுதான். ஆயா பேரைச் சொன்னாங்க. அதை இங்க எழுதல, எங்களோடயே இருக்கட்டும். அந்த மாசம் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனப்ப, நிருதி லிங்கம் தாண்டி நடக்கும்போது மனசுக்குள்ள அந்தப் பேரை ஒரு தரம் சொல்லிக்கிட்டேன்.

பப் க்ரால் போனதை மட்டும் ஆயாகிட்ட இன்னும் சொல்லல. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க :-)