பேசின விலை 60 லட்சம்... வங்கி போட்ட மதிப்பு 52 லட்சம்! வீட்டு மதிப்பீட்டில் நடப்பது என்ன, கட்டணம் எவ்வளவு?

பழைய ஃபிளாட் ஒன்றை 60 லட்சம் ரூபாய்க்குப் பேசி, அட்வான்ஸும் கொடுத்து அக்ரிமென்ட் போட்டாச்சு. வங்கி 80 சதவீதம் கடன் தரும், அதாவது 48 லட்சம் வரும் என்பது கணக்கு. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு 52 லட்சம் என்று எழுதிவிட்டால் கடன் 41 லட்சத்து 60 ஆயிரம்தான். மீதி 6 லட்சத்து 40 ஆயிரத்தைக் கையிலிருந்து போட வேண்டும். முடியாவிட்டால் அட்வான்ஸுக்கே ஆபத்து.

வீட்டுக் கடனுக்கு அலையும் பலருக்கும் நடப்பது இதுதான். மதிப்பீடு பற்றி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

வழிகாட்டி மதிப்பும் சந்தை மதிப்பும் ஒன்றா?

இல்லை. கைட்லைன் வேல்யூ என்று சொல்லப்படும் வழிகாட்டி மதிப்பு, பத்திரப்பதிவுக்காக அரசு தெருவாரியாக, சர்வே எண்வாரியாக நிர்ணயிப்பது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத்தாள் கட்டணம், 2 சதவீத பதிவுக் கட்டணம். பத்திரத்தில் போடும் விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இருந்தால் சிக்கல் வரும் என்பதால், அதை ஒட்டியே பலர் பதிவு செய்கிறார்கள்.

சந்தை மதிப்பு என்பது விற்பவரும் வாங்குபவரும் கட்டாயம் எதுவும் இல்லாமல் ஒப்புக்கொள்ளும் விலை. மதிப்பீட்டாளர் தேடுவது இதைத்தான்.

பிறகு ஏன் மதிப்பு குறைகிறது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மதிப்பீட்டாளர் ஒரு விலையை எழுதினால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பக்கத்துத் தெருவில் சமீபத்தில் விற்ற வீடுகளின் பத்திரங்களைப் பார்ப்பார். அந்த வீடு 65 லட்சத்துக்குக் கைமாறி இருக்கலாம். ஆனால் பத்திரத்தில் 45 லட்சம் என்றுதான் இருக்கும். ரொக்கமாகக் கைமாறிய மீதி 20 லட்சம் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஊரே அப்படிப் பதிவு செய்தால், உண்மையான விலை கொடுத்து வாங்க வருபவருக்குக் கடன் குறைவதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது அளவு. புரோக்கர் சொல்லும் சதுர அடியில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் சேர்ந்திருக்கும். மதிப்பீட்டாளர் டேப் வைத்து அளப்பார், பத்திரத்தில் உள்ள யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கைப் பார்ப்பார். பழைய ஃபிளாட்டில் கட்டடத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு தேய்மானத்தில் குறையும், நிற்பது நிலம்தான். யுடிஎஸ் சின்னதாக இருந்தால் மதிப்பும் அடிவாங்கும்.

மூன்றாவது, அனுமதி. சிஎம்டிஏ அல்லது டிடிசிபி வரைபடத்தில் தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் இருந்து, மேலே இன்னொரு தளம் கட்டியிருந்தால், அந்தத் தளத்தை வங்கிகள் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்டீரியருக்குக் கொட்டிய பணமும் பெரும்பாலும் அப்படித்தான். மாடுலர் கிச்சனுக்கு 5 லட்சம் ஆச்சு என்று சொல்லிப் பயனில்லை.

வங்கி எவ்வளவு கடன் தரலாம்?

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இது உச்சவரம்புதான், உரிமை அல்ல. பேசிய விலை, மதிப்பிட்ட விலை இரண்டில் எது குறைவோ அதை வைத்தே வங்கிகள் கணக்குப் போடும். பத்திரச் செலவு பொதுவாக இதில் சேராது.

கட்டணம் எவ்வளவு? யார் கட்டுவது?

கடன் வாங்குபவர்தான் கட்ட வேண்டும். சாதாரண வீடு, ஃபிளாட்டுக்கு வங்கிகள் வாங்குவது பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய். கடன் கிடைக்காவிட்டாலும் வேலை முடிந்துவிட்டதால் இந்தப் பணம் பொதுவாகத் திரும்ப வராது.

தனிப்பட்ட முறையில் மதிப்பீட்டாளரிடம் போனால்? செல்வ வரி விதிகளில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளருக்கு ஒரு படிநிலை இருக்கிறது. முதல் 5 லட்சத்துக்கு அரை சதவீதம், அடுத்த 10 லட்சத்துக்கு 0.2, அடுத்த 40 லட்சத்துக்கு 0.1, மீதிக்கு 0.05 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு இது 8,750 ரூபாய் வரும். செல்வ வரியே ஒழிந்துபோன பிறகும் இந்தக் கணக்கு ஒரு அளவுகோலாக உதவும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் வரி தனி.

"மதிப்பைக் கொஞ்சம் ஏத்திப் போடுறேன், அதுக்குத் தனியா கொடுங்க" என்று யாராவது சொன்னால் விலகிவிடுவது நல்லது. 2017ஆம் ஆண்டின் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகளில் உள்ள நடத்தை நெறி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் சொல்லாத கட்டணம் எதையும் வாங்கக் கூடாது என்கிறது. கேட்டபடி மதிப்பு போட்டுக் கொடுப்பதும் தவறு.

வங்கி சொல்லாத கட்டணத்தைப் பிடித்தால்?

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றை வங்கி தர வேண்டும். சட்ட ஆய்வு, மதிப்பீடு என மூன்றாம் நபருக்காக வசூலிக்கும் தொகையும் அதில் தனியாக இருக்க வேண்டும். அறிக்கையில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது. ரசீது கேட்டு வாங்குங்கள்.

மதிப்பு குறைந்துவிட்டது, என்ன செய்யலாம்?

முதலில் எந்தக் காரணத்தால் குறைந்தது என்று வங்கியில் கேளுங்கள். அளவில் தப்பு, திருத்திய வரைபடம் பார்க்கப்படவில்லை போன்ற காரணம் என்றால் ஆவணத்தோடு மறுமதிப்பீடு கேட்கலாம். அதே குடியிருப்பில் நியாயமான விலைக்குப் பதிவான பத்திரம் ஒன்று கிடைத்தால் அதுதான் பலமான ஆதாரம். வேறு வங்கிக்கும் போகலாம், ஆனால் மதிப்பீட்டுக் கட்டணம் மறுபடி கட்ட வேண்டிவரும்.

இதைவிட எளிய வழி, அக்ரிமென்ட் போடும்போதே "வங்கிக் கடன் இந்தத் தொகைக்குக் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி சேர்ப்பது. விற்பவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

வீடு ஏலத்துக்கு வந்தால்?

கடன் கட்ட முடியாமல் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி வீட்டை ஏலம் விடும்போது, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்கிய பிறகே குறைந்தபட்ச ஏல விலையை நிர்ணயிக்க வேண்டும். அந்த விலை அடிமாட்டு விலையாக இருந்தால், வங்கி நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அப்போது தனியாக எடுத்த மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால் வாதத்துக்குப் பலம் கூடும்.

பூர்வீக வீட்டை விற்பவர்களுக்கு?

2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்து என்றால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்து மூலதன ஆதாய வரி கணக்கிடலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. எனவே மதிப்பீட்டாளரிடம் போகும்போது 2001ஆம் ஆண்டின் வழிகாட்டி மதிப்பையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டாளர் வரும் நாளில் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது ஆகியவற்றின் நகல்கள் தயாராக இருக்கட்டும். கட்டணம் பற்றிய புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.